கம்பிப் பதம்

எங்கம்மா மைசூர்பாக்கு கிண்டுறப்ப அடுப்படியில யாரும் வாயத் திறக்கக் கூடாது. கரண்டியிலேருந்து ஒரு சொட்டு பாகத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒட்டி ஒட்டிப் பிரிப்பாங்க. ஒத்தக் கம்பி இழுத்துச்சுன்னா கடலைமாவு போடலாம், ஒரு நிமிஷம் தாண்டிப் போச்சுன்னா அது மைசூர்பாக்கு இல்ல, செங்கல்லு. நான் டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடிச்சு மைக்ரோபயாலஜி செக்‌ஷன்ல சேர்ந்த ரெண்டாவது வாரமோ என்னமோ, எங்க மேடம் ஒரு பிளட் அகர் பிளேட்ட (பாக்டீரியா வளர்க்குற தட்டு) மூடியத் தூக்கிட்டு, லூப்புங்கிற கம்பி வளையத்தால ஒரு காலனிய, அதாவது பாக்டீரியா வளந்து நிக்கிற பொட்ட, தொட்டு மெல்ல மேல தூக்குனாங்க, அது நூலா நீண்டுக்கிட்டே வந்துச்சு, அறுந்து போகவே இல்ல. "அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல வந்தா ஸ்ட்ரிங் டெஸ்ட் பாசிட்டிவ், எழுதிக்கோ"ன்னாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா, "மேடம் இது கம்பிப் பதம்"னேன். அவங்க சிரிக்கல. "ஆமா, அதுவும் சர்க்கரைதான்"னு சொல்லிட்டு அடுத்த பிளேட்டுக்குப் போயிட்டாங்க.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. 14 வருஷமா நான் ரிப்போர்ட்ல டைப் அடிக்கிற பேரு கிளெப்சியெல்லா நிமோனியே, ஒரு பாக்டீரியா. மெக்கான்கி அகர்ல பிங்க் கலர்ல, பளபளன்னு, எச்சில் துப்பி வச்ச மாதிரி ஈரமா நிக்கும், பாத்தாலே தெரிஞ்சிரும். நம்ம குடல்ல, மண்ணுல, சாக்கடைத் தண்ணியில எல்லாம் சும்மா கிடக்குற ஜந்துதான், ஆனா ஐசியூவுல வென்டிலேட்டர் குழாயோ சென்ட்ரல் லைனோ யூரின் கத்தீட்டரோ போட்ட ஆளுன்னா அதுக்கு வாசக்கதவு திறந்து விட்ட மாதிரி. 2024ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பாக்டீரியா பட்டியல்ல, கார்பாபெனம்ங்கிற கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக் மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லாதான் முதல் இடம். எங்க ரிப்போர்ட்லயும் அந்த மருந்துக் கதைதான் பூரா: மெரோபெனம் ரெசிஸ்டன்ட், அமிகாசின் ரெசிஸ்டன்ட், கீழ வரிசையா ஆர் ஆர் ஆர், ரெசிஸ்டன்ட், மருந்துக்கு மசியலன்னு அர்த்தம். டாக்டரும் அதத்தான் பாப்பாரு, அவசரத்துல அதுதான் வேணும், சரிதான். ஆனா அந்த வழுவழுப்பு, அந்தப் பாக்டீரியா உடம்பு மேல சட்டை மாதிரிப் போட்டிருக்குற சர்க்கரைக் கோட்டு (கேப்சூல்), அதப்பத்தி ரிப்போர்ட்ல ஒரு கட்டம் கூடக் கிடையாது. எனக்கென்னமோ கதையே அங்கதான் இருக்குன்னு தோணுது, அதான் இத உக்காந்து எழுதுறேன், நீளமாப் போகும், டீ போட்டுட்டு வாங்க.

இந்தப் பூச்சிய (பூச்சின்னுதான் நாங்க லேப்ல சொல்லுவோம்) முதல்ல விவரமா எழுதுனவரு கார்ல் ஃப்ரீட்லேண்டர், 1882ல, பெர்லின்ல, நிமோனியாவுல செத்தவங்க நுரையீரல்லேருந்து. நிமோனியாவுக்குக் காரணம் இதுதான்னு அவர் சொல்ல, இல்ல வேற ஒண்ணுன்னு ஆல்பர்ட் ஃப்ரேங்கல் சொல்ல, பெரிய சண்டை. ஃப்ரேங்கல் சொன்னது நியூமோகாக்கஸ், பெரும்பாலான கேஸுல அவர் சொன்னதுதான் சரி. இந்தச் சண்டை நடந்த அதே சமயம் ஃப்ரீட்லேண்டர் லேப்ல வேலை பாத்துக்கிட்டிருந்த டென்மார்க்காரர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், 1884ல ஒரு சாயம் போடுற முறைய வெளியிட்டாரு. நியூமோகாக்கஸ் ஊதாவப் பிடிச்சு வச்சுக்கும், ஃப்ரீட்லேண்டரோட பூச்சி கழுவுனதும் விட்டுரும். ஆமா, அந்த கிராம்தான், தினம் காலையில நான் போடுற அதே கிராம் ஸ்டெயின். உலகத்துல இருக்குற ஒவ்வொரு லேப் டெக்னீஷியனும் தினமும் ஒரு தடவையாவது பேர் சொல்ற மனுஷன் அவரு. இந்தப் பூச்சிக்குப் பேர் மட்டும் மூணாவதா ஒருத்தர் பேர்ல போச்சு, எட்வின் கிளெப்ஸ். கண்டவருக்குக் கிடைக்கல.

சரி, கோட்டுக்கு வருவோம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் கதம்பம் கட்டுறவங்களப் பாத்திருப்பீங்க. ரெண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், ஒரு துளி மரிக்கொழுந்து, முடிச்சு. மறுபடி ரெண்டு மல்லி, ஒரு கனகாம்பரம். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும், முழம் முழமா நீளும். கிளெப்சியெல்லாவோட கோட்டும் இப்படித்தான். குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ், ஃபியூக்கோஸ், குளுக்குரானிக் ஆசிட், இப்படிச் சில சர்க்கரைய எடுத்து ஒரு குட்டிக் கொத்து கட்டும், அந்தக் கொத்த ஒண்ணோட ஒண்ணு கோத்து நீளமா சங்கிலி ஆக்கும், அத வெளிய தள்ளி உடம்பு மேல சுத்திக்கும். கே1ங்கிற கோட்டுல குளுக்கோஸ், குளுக்குரானிக் ஆசிட், ஃபியூக்கோஸ் மூணும் இருக்கும். கே2ல ஃபியூக்கோஸ் கிடையாது, மேனோஸ் வரும். பூ மாறலாம், அதே பூ வேற வரிசையில வரலாம், முடிச்சு போடுற இடம் மட்டும் மாறலாம், எது மாறுனாலும் நம்ம உடம்புல இருக்குற ஆன்டிபாடிக்கு அது வேற மாலை, அடையாளம் தெரியாது. வெள்ளையணு பிடிக்க வந்தா வழுக்கும், ரத்தத்துல கிருமியக் கொல்லுற காம்ப்ளிமென்ட் புரதங்க வந்தா உள்ள சுவரு வரைக்கும் போக விடாது.

இந்தக் கதம்பத்துக்கான செய்முறை பூரா குரோமோசோம்ல ஒரே இடத்துல, 10 ஆயிரத்துலேருந்து 30 ஆயிரம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு, ஜீன் ஜீனா அடுக்கி வச்சிருக்கு. ஒரு பக்கம் கேல்-எஃப்புன்னு ஒரு ஜீன், இன்னொரு பக்கம் யுஜிடின்னு ஒரு ஜீன், இந்த ரெண்டும் எல்லாக் கிளெப்சியெல்லாவுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கேல்-எஃப்ப ஒட்டி வர்ற ஏற்றுமதி சாமானும், அதாவது சங்கிலிய வெளிய தள்ளுற குழாய், அத வெளிப்பக்கம் ஒட்டிப் பிடிச்சு வைக்கிற புரதம், இதெல்லாமும் எல்லாத்துலயும் இருக்கு, எழுத்து மட்டும் அங்கங்க மாறும். நடுவுல இருக்குற ஜீன்தான், எந்தப் பூவ எடுக்கணும், எங்க முடிச்சு, கொத்த எப்படிக் கோக்கணும்ங்கிறது, அது ஆளாளுக்கு வேற. சேலையில ரெண்டு கரையும் ஒரே டிசைனு, உடல் மட்டும் வேற வேற, அப்படி வச்சுக்கோங்க. இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ரெண்டு கரையும் ஒண்ணா இருக்குறதால, பக்கத்துல இருக்குற இன்னொரு கிளெப்சியெல்லாவோட டிஎன்ஏ துண்டு உள்ள வந்துச்சுன்னா, கரையோட கரை பொருந்தி, நடு உடல் மொத்தமா மாறிரும். அஞ்சாறு ஜீன் ஒவ்வொண்ணா மெனக்கெட்டு மாறணும்னு இல்ல. ஒரே தைப்பு, புதுச் சேலை.

இத மனுஷங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னா, ரொம்ப வருஷம் முயல வச்சுத்தான். ஒவ்வொரு வகைப் பூச்சியயும் முயலுக்கு ஊசி போட்டு, அதோட ரத்தத்துலேருந்து சீரம் எடுத்து, அந்த சீரம் பட்டா எந்தப் பூச்சியோட கோட்டு மைக்ராஸ்கோப்ல வீங்குன மாதிரித் தெரியுதுன்னு பாக்குறது. கோபன்ஹேகன்ல ஃப்ரிட்ஸ் ஓர்ஸ்கோவ், ஐடா ஓர்ஸ்கோவ்னு ஒரு தம்பதி, வாழ்க்கையே இந்த சீரம் வேலைதான். இப்படிச் சேத்ததுல மொத்தம் 77 கே வகை. அந்த சீரம் செட்டு உலகத்துல ஒரு சில லேப்லதான் இருக்கும், நம்மள மாதிரி ஆஸ்பத்திரி லேப்புக்கு எல்லாம் கனவு. அப்பவே நிறைய பூச்சி எந்த சீரத்துக்கும் அசையாது, "டைப் பண்ண முடியல"ன்னு எழுதி வச்சுருவாங்க. அப்புறம் ஜீனோம் படிக்கிற காலம் வந்துச்சு. 2016ல மெல்போர்ன்ல கெல்லி வயர்ஸ், கேத்ரின் ஹோல்ட் குழு 2,500க்கு மேல கிளெப்சியெல்லா ஜீனோம அலசி, அந்தக் கேல்-எஃப்புக்கும் யுஜிடிக்கும் நடுவுல மட்டும் பாத்தாங்க. 134 வகை உடல் கிடைச்சுச்சு. அதத் தேடித் தர்றதுக்கு கேப்டிவ்னு ஒரு சாஃப்ட்வேரையும் சும்மா குடுத்துட்டாங்க. சீரத்துல பேர் இல்லாம ஜீன வச்சு மட்டுமே தெரிஞ்ச வகைக்கெல்லாம் 101லேருந்து நம்பர் போட்டாங்க: கேஎல்101, கேஎல்102, அப்படி. லிஸ்ட்டு அதுக்கப்புறமும் நீண்டுக்கிட்டுத்தான் இருக்கு.

இப்ப என் சொந்தக் கதை. ஆஸ்பத்திரி பேரு வேணாம், ஊரும் வேணாம், இப்ப நான் அங்க இல்ல. என்ஐசியூவுல, அதாவது பச்சக் குழந்தைங்க ஐசியூவுல, ஒரே வாரத்துல மூணு பாப்பாவோட பிளட் கல்ச்சர்ல கிளெப்சியெல்லா. மூணும் பிங்க், மூணும் வழுவழு, மூணுக்கும் மருந்து லிஸ்ட்டு அச்சு அசல் ஒண்ணு. மீட்டிங் போட்டாங்க. மூணு பாப்பாவுக்கும் பொதுவா ராத்திரி டியூட்டி பாத்தது ஒரே சிஸ்டர்தான்னு சார்ட்டுல தெரிஞ்சுது, அவங்க கைதான் காரணம்னு முடிவாச்சு, வேற வார்டுக்கு மாத்திட்டாங்க, மெமோ வேற. அந்தம்மா எங்க லேப்புக்கு சாம்பிள் கொண்டு வர்றப்ப நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறவங்க, "ஏம்மா சாப்ட்டியா"ன்னு கேக்காமப் போக மாட்டாங்க. அதுக்கப்புறம் மூணு மாசமோ நாலு மாசமோ கழிச்சு, எங்க மேடத்துக்குத் தெரிஞ்ச ஒரு பிஎச்டி பையன் நாங்க ஃப்ரீசர்ல எடுத்து வச்சிருந்த அந்தப் பூச்சிங்கள வாங்கிட்டுப் போயி, டபிள்யூ-இசட்-ஐன்னு ஒரு ஜீன், நான் சொன்னேன்ல கோட்ட வெளிப்பக்கம் ஒட்டிப் பிடிக்கிற புரதம், அதோட 447 எழுத்த மட்டும் படிச்சுப் பாத்தான். முழு ஜீனோம் படிக்கக் காசில்லாதவங்களுக்கு இது ஒரு குறுக்கு வழி, அந்த ஒரு துண்ட வச்சே கோட்டு எந்த வகைன்னு பெரும்பாலும் சொல்லிரலாம். முதல் ரெண்டு பாப்பாவுக்கும் ஒரே எழுத்து. மூணாவது பாப்பாவோடது வேற. கிட்டக்கூட வரல.

நான் அத மேடம்ட்ட காட்டுனேன். அவங்க கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கோட்டு வேறன்னா ஆளும் வேறன்னு சத்தியம் பண்ணுவியா"ன்னாங்க. பண்ண முடியாது, அதான் இதுல கஷ்டமே. ஒரே எழுத்து வந்தா ஒரே ஆளுன்னு சொல்ல முடியாது, சும்மா ஒரே கோட்டு போட்ட ரெண்டு பேரா இருக்கலாம். வேற எழுத்து வந்தாலும் ஒரே ஆளு சேலை மாத்திக் கட்டிருக்கலாம். ஆனா ஒரு வாரத்துக்குள்ள சேலை மாத்துறது நடக்குற காரியமான்னா, அது ரொம்ப ரொம்ப அபூர்வம், இந்த மாத்தமெல்லாம் வருஷக் கணக்குல ஒரு பரம்பரையில எப்பயாச்சும் நடக்குறது. அதனால மூணாவது பாப்பாவுக்கு அது வேற வழியில வந்துருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மெமோவ யாரும் திருப்பி வாங்கல.

சேலை மாத்துறதுக்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவுல இருக்கு. எஸ்டி258ன்னு ஒரு பரம்பரை, கேபிசிங்கிற கார்பாபெனம் உடைக்கிற நொதிய வச்சுக்கிட்டு அங்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் பரவுனது. 2011 ஜூன்ல நியூயார்க்லேருந்து மேரிலாண்ட்ல இருக்குற தேசிய சுகாதார நிறுவனத்தோட ஆஸ்பத்திரிக்கு மாத்துன ஒரே ஒரு நோயாளியோட உள்ள வந்துச்சு. தெரிஞ்சேதான் தனி ரூம்ல வச்சாங்க, ஜூலையில வீட்டுக்கும் போயிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு இன்னொருத்தருக்கு வந்துச்சு. கடைசியில 18 பேருக்கு, 11 பேர் இறந்துட்டாங்க, அதுல 6 பேர் இந்தத் தொற்றாலயே. ஜூலி செக்ரே, இவான் ஸ்னிட்கின் குழு ஒவ்வொரு பூச்சியோட ஜீனோமையும் படிச்சு, ஒத்த ஒத்த எழுத்து வித்தியாசத்த வச்சு யார்ட்டேருந்து யாருக்குன்னு கோடு போட்டாங்க, எல்லாம் அந்த முதல் நோயாளிகிட்டதான் போய் நிக்குது. இந்த மாதிரி ஒரு வசதி எங்களுக்கு இருந்திருந்தா அந்த சிஸ்டர் விஷயம் ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும்னு இதப் படிச்சப்ப நினைச்சேன்.

2014ல இந்த எஸ்டி258அ ஒட்டுமொத்தமா ஆராய்ஞ்சப்ப, அது ஒரே குடும்பம் இல்ல, ரெண்டு கிளைன்னு தெரிஞ்சுது. ரெண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் எங்கன்னா, 2 லட்சத்து 15 ஆயிரம் எழுத்து நீளத்துக்கு ஒரே ஒரு துண்டு, அதுக்கு நடுவுல உக்காந்திருக்கு கோட்டோட செய்முறை. ஒரு கிளைக்கு கேஎல்106, இன்னொரு கிளைக்கு கேஎல்107. நம்பரக் கவனிச்சீங்களா? ரெண்டும் 101க்கு மேல. அதாவது அமெரிக்காவையே ஆட்டி வச்ச பரம்பரை போட்டிருந்த ரெண்டு கோட்டும், அம்புட்டு வருஷம் முயல்ல சேத்த 77 வகைக் கேட்டலாக்ல கிடையவே கிடையாது.

நம்ம ஊருப் பக்கம் நிக்கிற பேரு கேஎல்64. சீனாவுல எஸ்டி11ங்கிற பரம்பரை இதப் போட்டிருக்கு, நம்மகிட்ட எஸ்டி147, எஸ்டி2096ன்னு சம்பந்தமே இல்லாத பரம்பரைகளும் அதே கேஎல்64அப் போட்டிருக்கு. எஸ்டி231ன்னு நம்ம நாட்டுல அடிக்கடி பாக்குற இன்னொண்ணு இருக்கு, அது கேஎல்51. உடம்பு வேற, சட்டை ஒண்ணு; உடம்பு ஒண்ணு, சட்டை வேற, ரெண்டும் நடக்குது. எஸ்டி2096ல மருந்துக்கு மசியாத ஜீனும் வீரியம் கூட்டுற ஜீனும் ஒரே பிளாஸ்மிட்ல (குரோமோசோமுக்கு வெளிய இருக்குற தனி டிஎன்ஏ வளையம்) ஒட்டி இருக்குறத வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் 2022ல எழுதுனாங்க.

அந்த வீரியச் சமாச்சாரம் வேற ஒரு கிளைக்கதை. 1980கள்ல தைவான்ல சர்க்கரை நோய் இருக்குற, ஆனா நடமாடிக்கிட்டிருந்த ஆளுங்களுக்குத் திடீர்னு கல்லீரல்ல சீழ்க்கட்டி, சிலருக்குக் கண்ணு வரைக்கும் போயிருச்சு. கல்ச்சர் பண்ணுனா கிளெப்சியெல்லா, பெரும்பாலும் கே1, கே2, கம்பி கம்பியா இழுக்கும். இது ஆஸ்பத்திரிப் பூச்சி இல்ல, வெளியூர்க்காரன், பழைய மருந்துக்கே செத்துரும். மருந்துக்கு மசியாதது ஒரு ஜாதி, வீரியமானது இன்னொரு ஜாதின்னு ரொம்ப நாள் நிம்மதியா இருந்தாங்க. 2016ல சீனாவுல ஹாங்சோவுல ஒரு ஐசியூவுல, ஆபரேஷன் முடிஞ்சு வென்டிலேட்டர்ல இருந்த 5 பேருக்கு ரெண்டும் சேர்ந்த பூச்சி வந்துச்சு, எஸ்டி11, கேஎல்47 கோட்டு, வீரிய பிளாஸ்மிட்டும் கூட. 5 பேரும் இறந்துட்டாங்க.

இன்னொண்ணு, கம்பி இழுத்தா கோட்டு தடிமன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன், மேடமும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. 2019, 20 வாக்குல அமெரிக்காவுல நார்த் கரோலினா பக்கத்து ஆய்வுல வேற மாதிரி வந்துச்சு. ஆர்எம்பி-சின்னு ஒரு ஜீன் கோட்டு உற்பத்தியக் கூட்டுது, பக்கத்துலயே இருக்குற ஆர்எம்பி-டிங்கிற ரொம்பக் குட்டிப் புரதம்தான் அந்தக் கம்பி இழுக்குற குணத்தக் குடுக்குது, ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டிட்டாங்க. ஆர்எம்பி-டி போயி சங்கிலி நீளத்தக் கட்டுப்படுத்துற புரதத்தோட ஒட்டிக்கிட்டு அந்த நீளத்துலயே கை வைக்குதாம். எங்கம்மாட்ட சொன்னேன். "சக்கரை எம்புட்டுங்கிறது ஒண்ணு, பதம் ஒண்ணு, இது தெரியாமலா அம்புட்டு நாள் இருந்தீங்க"ன்னுட்டாங்க.

தடுப்பூசி போட்டுட்டா என்னன்னு கேப்பீங்க. முயற்சி நடந்துச்சு. 1980கள்ல ஸ்விட்சர்லாந்துல 24 வகைக் கோட்ட ஒண்ணாக் கலந்து ஒரு தடுப்பூசி செஞ்சு மனுஷங்களுக்கும் போட்டுப் பாத்தாங்க, ஆபத்தில்ல, ஆன்டிபாடியும் வந்துச்சு, ஆனா கடைக்கு வரல. 24 வகையப் பிடிச்சா மிச்சம் நூத்துச் சொச்சம் காத்துக்கிட்டிருக்கு. சரி கோட்டுக்குக் கீழ ஓ ஆன்டிஜென்னு இன்னொரு சர்க்கரை இருக்கே, அதுல வகை கம்மி, ஓ1, ஓ2, ஓ3, ஓ5ன்னு நாலஞ்சப் பிடிச்சா பெரும்பாலானத அடைச்சிரலாம்னு ஒரு கூட்டம் சொல்லுது. அங்கயும் சித்து வேலை இருக்கு. ஓ1க்கும் ஓ2க்கும் அடிப்படை செய்முறை ஒண்ணே ஒண்ணு, ஆனா குரோமோசோம்ல எங்கயோ தூரத்துல இருக்குற ரெண்டு ஜீன் இருந்துச்சுன்னா ஓ2 நுனியில இன்னொரு வகைக் கேலக்டோஸ் சங்கிலிய ஏத்தி ஓ1 ஆக்கிரும். செய்முறை இருக்குற இடத்த மட்டும் படிச்சா ஏமாந்துருவீங்க. அது போக, மேல தடிமனாக் கோட்டு போட்டிருந்தா கீழ இருக்குற ஓ வரைக்கும் ஆன்டிபாடி போய்ச் சேருறதே சிரமம். பொறக்குற பிள்ளைங்களக் காப்பாத்த கர்ப்பிணிகளுக்குப் போடுற தடுப்பூசியா யோசிக்கிறாங்க, அதுக்குத்தான் இப்ப எந்த நாட்டுல எந்தக் கோட்டுன்னு கணக்கெடுக்குறாங்க. நம்ம என்ஐசியூ பிளேட்டெல்லாம் மூணாவது நாளு ஆட்டோகிளேவ்ல வெந்து குப்பைக்குப் போயிருது.

ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லாம இருந்துச்சு. இம்புட்டு வகை எதுக்கு? நம்மள ஏமாத்தவா? எனக்கு அப்படித் தோணல. நம்ம ஐசியூ வந்து எத்தனை வருஷம் ஆச்சு, இது அதுக்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாடிலேருந்து மண்ணுலயும் குடல்லயும் இருக்கு, அங்க அதுக்கு எதிரி, பாக்டீரியாவத் தாக்குற ஃபேஜ் வைரஸும் அமீபா மாதிரி ஜீவனும். ஃபேஜோட வால்ல ஒரு நொதி இருக்கும், ஒரு குறிப்பிட்ட கோட்ட மட்டும் வெட்டும், கே1அ வெட்டுறது கே2அத் தொடாது. கோட்ட மாத்துனா தப்பிச்சுது, கோட்டையே அவுத்துப் போட்டாலும் தப்பிச்சுது. நாம இடையில வந்து மாட்டிக்கிட்டவங்க.

அவுத்துப் போடுறதுன்னதும்தான் போன மாசம் நடந்தது ஞாபகம் வருது. 2020ல அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டுலயும் இருக்குற எஸ்டி258அ எடுத்து ஆராய்ஞ்ச பேப்பர் ஒண்ணு வந்துச்சு. சிலதுல டபிள்யூ-இசட்-சிங்கிற ஜீன்ல ஒரு எழுத்து மாறி கோட்டு கன்னாபின்னான்னு கூடிருச்சு, அது வெள்ளையணுவுக்கு மாட்டாது, விலங்குக்குப் போட்டா அதிகமாக் கொல்லுது. இன்னும் சிலதுல, கொத்துக்கு முதல் பூவ எடுத்து வைக்கிற ஜீனே உடைஞ்சு கோட்டே இல்ல, ஆனா அது மூத்திரப்பை செல்லுக்குள்ள புகுந்து போகாம நிக்கும். ரெண்டும் ஒரே பரம்பரை. அதப் படிச்சு ரெண்டு வருஷமா நானும் ஒவ்வொரு யூரின் பிளேட்டா உத்து உத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன். போன மாசம், ரொம்ப நாளாக் கத்தீட்டரோட இருக்குற ஒரு பெரியவரோட யூரின், மெக்கான்கில பாதி காலனி வழக்கம் போல பளபளன்னு, மீதி சின்னதா, சப்பையா, காய்ஞ்ச மாதிரி. கூட வேல பாக்குற தம்பி "மிக்ஸட் குரோத்துக்கா, ரிப்பீட் சாம்பிள் கேட்ருவோம்"னான். ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுப் போட்டேன். ரெண்டும் கிளெப்சியெல்லா. மருந்து லிஸ்ட்டு எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ஒண்ணு விரலளவு கம்பி இழுக்குது, இன்னொண்ணு லூப்ப எடுத்தா மாவு மாதிரி உதிருது.

உள்ள ஜீன்ல என்ன ஆச்சுன்னு படிக்க எங்ககிட்ட மெஷின் இல்ல. ரிப்போர்ட்ல ஒரு வரிதான் இடம், கிளெப்சியெல்லா நிமோனியேன்னு ஒரு தடவை டைப் அடிச்சு அனுப்பிட்டேன். அப்புறம் ரெண்டு வயல்ல கிளிசரால் ஊத்தி, ரெண்டையும் தனித்தனியா ஸ்டாக் வச்சு, ஃப்ரீசர்ல பழைய ரேக்குக்குப் பின்னாடி சொருகி வச்சேன். ஒண்ணுல "ஈரம்"னு எழுதிருக்கேன், இன்னொண்ணுல "காய்ஞ்சது". அந்த பிஎச்டி பையன் இப்ப எங்க இருக்கான்னு மேடம்ட்ட கேட்டிருக்கேன்.